மழைக்கால நாற்று வீட்டுக்குள்: எல்.இ.டி விளக்கு போட்டும் தக்காளி நெடுநெடுவென வளர்ந்து சாய்கிறது, என்ன மாற்றணும்?

கேள்வி – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வணக்கம். மார்கழியில் தொட்டிக்கு மாற்றுவதற்காகத் தக்காளி, மிளகாய் நாற்று விட்டிருக்கிறேன். ஐப்பசி மழையில் மாடியில் வைத்தால் குழித்தட்டில் தண்ணீர் நின்று விதை அழுகிவிடும் என்பதால் உள் அறையில் இரும்பு ரேக்கில் வைத்தாயிற்று. ரேக் தட்டு 4 அடிக்கு 1 அடி. அதில் 98 குழி தட்டு இரண்டு. மேலே 2 அடி உயரத்தில் 20 வாட்ஸ் எல்.இ.டி பேட்டன் (டியூப்லைட் மாதிரி நீள விளக்கு) ஒன்றும், ஓரத்தில் 9 வாட்ஸ் பல்பு ஒன்றும். காலை 6 முதல் மாலை 6 வரை எரிகிறது.

தக்காளி 4 அங்குலம் வந்துவிட்டது, தண்டு நூல் மாதிரி, எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. மிளகாய் விதையிலை (முளைத்ததும் விரியும் முதல் இரண்டு இலை) விரிந்ததோடு நிற்கிறது. கண்ணுக்கு அறை நல்ல வெளிச்சமாகத்தான் தெரிகிறது. ஊதா நிற குரோ லைட் (செடி வளர்ப்பு விளக்கு) வாங்கினால்தான் சரியாகுமா? 1000 வாட்ஸ் என்று போட்ட பேனல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதை எடுக்கலாமா?

பதில் 1 – கடலூர் முதுநகர்

பேனலை இப்போதைக்கு விடுங்க. உங்க பிரச்சினை நிறமில்லை, இலை மேல் விழுகிற வெளிச்சத்தின் அளவு. அதை லக்ஸ் என்ற அலகில் அளப்பாங்க. நம்ம கண் 500 லக்ஸையும் 5000 லக்ஸையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளும், அதனால் கண்ணை நம்பி விளக்கு தேர்ந்தெடுக்க முடியாது. போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கி, திரைப்பக்கம் மேலே பார்க்க, நாற்று நுனி உயரத்தில் பிடித்துப் பாருங்க. சென்சார் முன்பக்கக் கேமரா ஓரத்தில் இருக்கும், விரலால் மறைக்காதீங்க. போன் அளவு கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், இந்த வேலைக்கு அது போதும்.

நீங்க சொன்ன அமைப்பில் 1000 முதல் 1300 லக்ஸ்தான் வரும். நாற்றுக்கு வேண்டியது 8,000 முதல் 12,000. மழை மூட்டத்தில்கூட மாடியில் பகல் வேளை பெரும்பாலும் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும், நல்ல வெயிலில் ஒரு லட்சம்.

கணக்கு இப்படி. வெள்ளை எல்.இ.டி-யில் சுமார் 68 லக்ஸ் என்பது சதுர மீட்டருக்கு வினாடிக்கு 1 மைக்ரோமோல், அதாவது செடி பயன்படுத்தும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை அளவு (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). 10,000 லக்ஸ் என்றால் ஏறக்குறைய 145. அதை 16 மணி நேரம் கொடுத்தால் நாளுக்கு 8 மோல் சொச்சம் கிடைக்கும், தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுக்கு அது போதும். உங்ககிட்ட இப்போது 12 மணி நேரத்தில் கிடைப்பது 1 மோல்கூட இல்லை. அதனால்தான் செடி வெளிச்சத்தைத் தேடி நீளுது.

செய்ய வேண்டியது:

ஒரே மாதிரி 20 வாட்ஸ், 4 அடி பேட்டன் இன்னும் இரண்டு வாங்குங்க. டப்பாவில் வாட்ஸை மட்டும் பார்க்காமல் லூமன் (விளக்கு தரும் மொத்த வெளிச்சம்) எவ்வளவு என்று பாருங்க. 2000-க்குக் குறைந்ததை எடுக்காதீங்க. மூன்றையும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கில் கட்டி, நாற்று நுனியிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்க. ஆணியில் நிரந்தரமாக அடிக்காமல் சங்கிலியும் எஸ் கொக்கியும் போட்டால், செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றலாம். நடுவில் பத்தாயிரத்தை ஒட்டி வரும். பேட்டன் அந்தத் தூரத்தில் இலையைச் சுடாது. 9 வாட்ஸ் பல்பைக் கழற்றி வேறு அறையில் போடுங்க, அதன் வெளிச்சம் பாதி சுவருக்கே போகுது.

டைமர் சுவிட்ச் கட்டாயம் போடுங்க. காலை 5 முதல் இரவு 9 வரை. "கூடுதலாகக் கொடுத்தால் நல்லதுதானே" என்று இரவு முழுக்க விடாதீங்க, 24 மணி நேரமும் வெளிச்சம் விழுந்தால் தக்காளி இலை வெளுத்துக் கெட்டுப்போகும். கரண்ட் செலவு 60 வாட்ஸுக்கு 16 மணி, நாளுக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு.

பதில் 2 – வில்லியனூர்

ஊதா விளக்கு பற்றி ஒரு வார்த்தை. சிவப்பும் நீலமும் மட்டும் போதும் என்ற எண்ணத்தில் வந்தவை அவை. வெள்ளை எல்.இ.டி உள்ளே இருப்பதே நீலச் சில்லும், அந்த நீலத்தில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பாஸ்பர் பூச்சும்தான். அதனால் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் அதில் உண்டு, பச்சையையும் இலை பயன்படுத்திக்கொள்ளும். டப்பாவில் போட்டிருக்கும் கெல்வின் எண் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும்; 6500 கெல்வினில் நீலம் கூடுதல், தண்டு குட்டையாக நிற்கும். 4000-மும் நன்றாக வேலை செய்யும். 3000 மஞ்சள் வெளிச்சத்தை மட்டும் நாற்றுக்குத் தவிர்க்கலாம். ஊதா வெளிச்சத்தின் பெரிய தொந்தரவு வேறு: இலை மஞ்சளடித்தாலோ புள்ளி விழுந்தாலோ அந்த நிறத்தில் கண்டுபிடிக்கவே முடியாது.

1000 வாட்ஸ் என்று எழுதிய மலிவுப் பேனல் பெரும்பாலும் சுவரிலிருந்து 100 வாட்ஸுக்குள்தான் இழுக்கும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி "உண்மையில் எத்தனை வாட்ஸ் இழுக்கும், எத்தனை லூமன்" என்பதுதான். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. மூன்று பேட்டன் கட்டியாச்சு. நடுவில் 9,800, இரண்டு முனையிலும் 5,500தான் காட்டுது. இன்னொன்று: சாய்ந்த தக்காளியைக் காப்பாற்ற முடியுமா? சில நாற்று மண்ணை ஒட்டின இடத்தில் பழுப்பாகிச் சுருங்கி விழுந்துவிட்டது, அதுவும் வெளிச்சக் குறைவாலா?

பதில் 3 – நெல்லிக்குப்பம்

முனையில் குறைவது எல்லா நீள விளக்கிலும் உண்டு. ரேக்கின் பக்கங்களில் வெள்ளைத் தெர்மாகோல் தட்டை நிறுத்தி வையுங்க, வயர் இணைப்பில் படாமல். இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டுகளை முனை மாற்றித் திருப்பி வைத்தால் வளர்ச்சி சமமாகும்.

கழுத்து சுருங்கி விழுவது நாற்றழுகல். பித்தியம் போன்ற பூஞ்சாண வகை வேலை அது, காரணம் ஈரம் கூடினது. வெளிச்சம் குறைந்த மெல்லிய தண்டு அதற்குச் சீக்கிரம் இரையாகும், அவ்வளவுதான் தொடர்பு. விழுந்ததை அந்தக் குழியின் கோகோபீட்டோடு (தென்னை நார்த்தூள்) எடுத்துத் தூரப் போடுங்க. மேலே பூவாளியால் ஊற்றுவதை நிறுத்தி, தட்டை அரை அங்குலத் தண்ணீரில் வைத்து, மேல்பரப்பு நிறம் மாறினதும் எடுத்து வடியவிடுங்க. மேல்பரப்பு காய்ந்து வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். அடுத்த முறை விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) கலப்பது பரிந்துரை. வீட்டளவு விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

மழைக்கால மூடிய அறையில் காற்று ஓட்டமே இருக்காது. மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில், இலை லேசாக அசைகிற தூரத்தில் வையுங்க. ஈரமும் குறையும், அசைவில் தண்டும் தடிக்கும். விளக்குக்கு அடுத்தபடி நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

நீண்ட தக்காளிக்கு வழி இருக்கிறது. முதல் உண்மையிலை (விதையிலைக்குப் பிறகு வரும் இலை) வந்ததும் பெரிய கப்புக்கு மாற்றி, விதையிலைக்குச் சற்றுக் கீழ்வரை தண்டைப் புதையுங்க, புதைந்த தண்டிலேயே வேர் விடும். மிளகாயை அப்படி ஆழப் புதைக்காதீங்க. அது தேங்கி நிற்பது வெளிச்சம் போதாமல்தான், இனி தானாக நகரும். மிளகாய் எப்போதுமே மெதுவாக வரும், தக்காளி 25 நாளில் தயாரானால் அதற்கு 35, 40 நாள் ஆகும்.

தண்ணீர் எது ஊற்றுறீங்க? கடற்கரையை ஒட்டின போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கோகோபீட் மேல் வெள்ளைப் படலம் கட்டும், இலை நுனி கருகும். இப்போது பெய்கிற மழைத் தண்ணீரையே குடத்தில் பிடித்து ஊற்றுங்க. உரம், உண்மையிலை இரண்டு வந்த பிறகு வாரம் ஒருமுறை 19:19:19 என்ற, தண்ணீரில் கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம். அதற்கு முன்னால் வேண்டாம்.

அடுத்த முறைக்கு இன்னொரு விஷயம்: முளைக்கும்வரை தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் விளக்கு தேவையில்லை, முதல் முளை வளைந்து தலை நீட்டின அன்றே போட்டாகணும். மொத்தமும் முளைக்கட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தால் முதலில் வந்தவை அதற்குள் நீண்டுவிடும்.

பதில் 4 – தேவனாம்பட்டினம், கடலூர்

மின்சாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. உப்புக்காற்றில் பேட்டன் முனை, ஹோல்டர், பிளக் பின் எல்லாம் பச்சை பிடிக்கும். முறுக்கி டேப் சுற்றின இணைப்பு இரும்பு ரேக்கில் வேண்டாம். கனெக்டர் போட்டு, ரேக்குக்கு எர்த் கொடுத்து, 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி (மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிற லைனில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தட்டுக்குக் கீழே வைக்காமல் மேலே கட்டுங்கள். நனைத்த தட்டை வடியவிட்ட பிறகே ரேக்கில் ஏற்றுங்கள்.

கேட்டவர்

எர்த் நாளைக்கே எலக்ட்ரீசியனை வைத்துப் பார்க்கிறேன். புயல் வந்து நாள் கணக்கில் கரண்ட் போனால் நாற்று தாங்குமா? வெளியே எப்போது எடுக்கலாம்?

பதில் 1 – கடலூர் முதுநகர்

2011-இல் வந்த ‘தானே’ புயல், 2024-இல் வந்த ‘ஃபெஞ்சல்’ புயல் இரண்டும் டிசம்பரை ஒட்டித்தான் இந்தக் கரையில் ஏறின, அதனால் சரியான கேள்வி. ஒருநாள் இருட்டு ஒன்றும் செய்யாது. அதற்கு மேல் போனால் இன்வெர்ட்டரில் ஒரே ஒரு பேட்டனை இணைத்து, நுனியிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு இறக்கி, இரண்டு தட்டையும் அதன் நேர் கீழே நெருக்கி வையுங்க. 20 வாட்ஸை எந்த வீட்டு இன்வெர்ட்டரும் தாங்கும். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்க, இருட்டில் செடி அதிகம் குடிக்காது.

வெளியே எடுப்பதில்தான் நிறைய பேர் மொத்த நாற்றையும் இழக்கிறாங்க. பத்தாயிரம் லக்ஸில் வளர்ந்த இலையை நேராக லட்சம் லக்ஸில் வைத்தால் ஒரே மதியத்தில் வெளுத்துக் காகிதமாகும். முதல் இரண்டு நாள் 50 சதவீத நிழல்வலைக்குள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு தினம் ஒரு மணி கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்க. மூட்டமான நாள் கிடைத்தால் அன்றே ஆரம்பிப்பது நல்லது.

மழை விட்ட பிறகு விளக்கைக் கழற்றி வைத்துடுங்க. தை முதல் புரட்டாசி வரை நம்ம ஊரில் மாடியில் நிழல்வலைக்கு அடியில் விட்ட நாற்றுக்கு எந்த விளக்கும் ஈடாகாது. பேட்டன் பின்களைத் துடைத்துக் காய்ந்த உறையில் போட்டு வைத்தால் அடுத்த ஐப்பசிக்கும் அதே மூன்று விளக்கு உதவும்.