ஜியோஜீப்ரால காட்டினா புரியுதுங்கறாங்க, டெஸ்ட்ல கோட்டை விடறாங்க... என்ன பண்றது?

கேள்வி:
பத்தாம் வகுப்புக்கு கணக்கு எடுக்கறேன். பரவளையம் நடத்தும்போது ஏ எக்ஸ் ஸ்கொயர் + பி எக்ஸ் + சி, இதுல ஏ, பி, சி மூணுக்கும் ஜியோஜீப்ராங்கற வரைபட ஆப்ல ஸ்லைடர் (நகர்த்தினா மதிப்பு மாறற பட்டை) வச்சு போர்டுல ஓட்டிக் காட்டினேன், பசங்க கண்ணு இமைக்காம பாத்தாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம். அடுத்த வாரம் டெஸ்ட்ல சி-யோட 2 கூட்டினா வரைபடம் என்னாகும்னு கேட்டா பாதி பேர் 'அகலமாகும்'னு எழுதிருக்காங்க. சாக்பீஸுக்கே திரும்பிடலாமானு இருக்கு.

பதில் 1:
திரும்ப வேணாம் மேடம். நீங்க ஓட்டினீங்க, அவங்க பாத்தாங்க, அங்கதான் விட்டுப்போச்சு. ஸ்லைடரைத் தொடறதுக்கு முன்னாடி எப்படி மாறும்னு நோட்டுல வரையச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷம் போதும், அப்புறம் நகர்த்துங்க. தான் வரைஞ்சது ஒண்ணு திரையில வந்தது ஒண்ணுனு பாக்கற பையனுக்கு அது உறுத்திட்டே இருக்கும், அவன் மறக்க மாட்டான். மூணு ஸ்லைடரையும் ஒண்ணா வைக்காதீங்க. முதல்ல சி, மேலயும் கீழயும் போகும் அவ்ளோதான். அடுத்து ஏ, அகலம் மாறறது அதாலதான். பி கடைசியா வைங்க, அதுதான் அருமையான இடம்: எல்லாரும் பக்கவாட்டுல நகரும்னு அடிச்சு சொல்வாங்க, ஆனா பரவளையம் திரும்பற முனை வளைஞ்ச பாதையில போகும். முனைப்புள்ளிக்கு ட்ரேஸ் (போன வழியை வரைஞ்சு காட்டற வசதி) ஆன் பண்ணி பி-யை ஓட்டினா அந்தத் தடமே தலைகீழா இன்னொரு பரவளையம்! ஏன்னு கேட்டுட்டு திரையை அணைச்சிடுங்க. முனையோட எக்ஸ் மதிப்பு -பி/2ஏ, அதை வச்சு பேப்பர்ல போட்டாதான் விடை வரும்.

பதில் 2:
டெஸ்ட் பத்தி ஒண்ணு. ஆன்லைன் க்விஸ் மார்க்கைத்தான் சொல்லும், எதனால தப்புனு சொல்லாது, அதனால தப்பான ஆப்ஷனை யோசிச்சு வைக்கணும். 1/3 + 1/4க்கு நான் 2/7, 2/12 ரெண்டும் வைப்பேன். முதலாவதை எடுத்தவங்க மேலயும் கீழயும் தனித்தனியா கூட்டிருக்காங்க, ரெண்டாவதை எடுத்தவங்க பகுதியை 12ஆ மாத்திட்டு தொகுதியை அப்படியே விட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பாடத்தை மறுபடி நடத்தி பிரயோஜனமில்ல. உங்க டெஸ்ட்லயும் அந்த 'அகலமாகும்' பசங்க சி-யையும் ஏ-வையும் குழப்பிக்கிட்டாங்கனு தோணுது.

பதில் 3:
வீட்டுல போன் இருக்கற பசங்களை ஜியோஜீப்ரா ஆப் இறக்கிக்கச் சொல்லுங்க. இலவசம்தான், இறக்கிட்டா நெட் இல்லாமலும் ஓடும். போன் இல்லாத பசங்களை வகுப்புலயே போர்டுக்கு கூப்பிட்டு ஓட்ட விடுங்க, தயவுசெஞ்சு அவங்களை விட்டுடாதீங்க.

கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு முதல்ல வரைய வச்சேன், பி-க்கு ஒருத்தர் கூட சரியா வரையல, வகுப்பே ஒரே சத்தம். பின்வரிசைப் பொண்ணு ஒருத்தி ஏ நெகட்டிவா இருந்தா அந்தத் தடம் நிமிர்ந்துக்குமானு கேட்டா. நான் சொல்லல, வரைஞ்சு எடுத்துட்டு வரேன்னு போயிருக்கா.