புதுப்பிப்பு: சென்னையின் ஆறாவது இடம் உறுதி, இனி கோவா

2023-24 இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் சென்னையின் எஃப்சி, முதல் ஆறு அணிகளுக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகாது, கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு என்று முன்பு எழுதியிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

2024 ஏப்ரல் 9, நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியுடன் மோதல். எங்கள் ரஹீம் அலி முதல் கோல், அவர்களின் ஜிதின் பதிலடி. 1-1 என்றே முடியும்போல இருந்தது. கூடுதல் நேரத்தில் அங்கித் முகர்ஜி அடித்தார் பாருங்கள், ஆறாவது இடம் கைக்கு வந்துவிட்டது!

லீக் முடிவில் 22 ஆட்டம், 8 வெற்றி, 3 டிரா, 11 தோல்வி, 27 புள்ளி. அடித்தது 26, வாங்கியது 36. பத்து கோல் கடனோடு பிளே-ஆஃபுக்குள் நுழைகிறோம், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது வந்த எஃப்சி கோவா எடுத்தது 45 புள்ளி. ஏப்ரல் 20 அன்று அவர்கள் ஊரில், ஒரே ஆட்டம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசி லீக் ஆட்டத்தில் அவர்களிடமே 4-1 என்று உதை வாங்கினோம். ஆனால் 2020 அரையிறுதியில் இதே கோவாவை இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 6-5 என வீழ்த்தியபோதும் எங்கள் பயிற்சியாளர் ஓவன் காயில்தான்.

முதல் அரைமணி நேரம் கோல் வாங்காமல் இருந்தால் வாய்ப்புண்டு. இந்தப் பின்வரிசையை நம்பிப் பந்தயம் மட்டும் கட்டமாட்டேன்.