லினர்ட் ஸ்கினர்ட்: தொடங்கியவர்கள் யாருமே இல்லாத குழுவுக்கு அந்தப் பெயர் எதற்கு?

கித்தார்ப்பித்தன்:
அமெரிக்க ராக் இசைக்குழுவான லினர்ட் ஸ்கினர்டில் கித்தார் வாசித்த கேரி ராசிங்டனும் 2023 மார்ச்சில் போய்விட்டார். ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் கடைசியாக மேடையில் நின்றவர் அவர். அப்புறமும் அதே பெயரில் டிக்கெட் விற்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. 1977 அக்டோபர் 20-இல் எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பிக் காட்டில் குழு போன விமானம் விழுந்ததே, பாடகர் ரோனி வான் ஸான்ட், கித்தார் வாசித்த ஸ்டீவ் கெய்ன்ஸ், பின்னணி பாடிய அவருடைய அக்கா கேஸி எல்லாரும் அதில் போனார்களே, அன்றோடு அந்தக் குழு முடிந்தது.

ஆற்றங்கரையான்:
முடிந்தது என்று நீங்கள் சொல்லலாம், உயிர் பிழைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. பத்து வருடம் கழித்து 1987-இல் அஞ்சலிக்காகக் கூடினார்கள், ரோனியின் தம்பி ஜானி பாட வந்தார். அப்போதுகூட அண்ணன் பாடிய ‘ஃப்ரீ பேர்ட்’ பாட்டை அவர் பாடவில்லை, கித்தார் மட்டும் ஒலிக்க, வரிகளைக் கூட்டம் பாடியது. அவ்வளவு மரியாதையோடு தொடங்கியதைப் போலி என்று எப்படிச் சொல்வது? ரோனியின் குரலில் அவர் இருந்தபோது வந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் 5, எல்லாம் 1973 முதல் 1977-க்குள். ஜானி பாடுவது 35 வருடத்துக்கும் மேல்.

அப்புறம், பழைய குழு மட்டும் நிலையாகவா இருந்தது? டிரம்ஸ் வாசித்த பாப் பர்ன்ஸ் 1974-இல் விலகினார். ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’ பாட்டின் அந்தத் தொடக்கக் கித்தார் வாசிப்பைத் தந்த எட் கிங் கலிஃபோர்னியாக்காரர், அவரும் 1975-இல் சுற்றுப்பயணத்தின் நடுவே கிளம்பிப் போனார். ஸ்டீவ் கெய்ன்ஸ் வந்ததே 1976-இல்தான்.

கித்தார்ப்பித்தன்:
ஆள் மாறலாம், நான் மறுக்கவில்லை. அப்போது ரோனி இருந்தார், பெரும்பாலான பாட்டின் வரிகள் அவருடையவை. விபத்துக்குப் பிறகு பெயரைத் தொடுவதில்லை என்று பிழைத்தவர்களே வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதை மீறியதால் ரோனியின் மனைவி ஜூடி நீதிமன்றம் போனார். ராசிங்டனோடு விபத்துக்கு முந்தைய வேறு இரண்டு பேராவது இருந்தால்தான் அந்தப் பெயரில் சுற்றுப்பயணம் போகலாம் என்று 1988-இல் உடன்பாடு ஆனது. அப்படிப் பழையவர்களில் பேஸ் கித்தார் வாசித்த லியான் வில்கெசன் 2001-இலும் கீபோர்டு வாசித்த பில்லி பவல் 2009-இலும் இறந்தார்கள். இப்போது ராசிங்டனே இல்லை.

ஆற்றங்கரையான்:
ரிக்கி மெட்லாக்கை விட்டுவிட்டீர்களே! முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே, 1971 வாக்கில், இதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், 1996-இல் கித்தாரோடு திரும்பி வந்தார். அவரை வெளியாள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாம்தந்தி:
சரி, மெட்லாக்கைச் சேர்த்துக்கொள்வோம். பர்ன்ஸுக்குப் பிறகு டிரம்ஸ் வாசித்த ஆர்டிமஸ் பைலைப் பற்றி ஏன் இருவரும் பேசவில்லை? விமானம் விழுந்த அன்று விலா எலும்பு உடைந்த நிலையில் சதுப்பில் நடந்து போய் ஒரு பண்ணை வீட்டில் உதவி கேட்டவர் அவர். 1991-இல் விலகினார். அதே பாட்டுகளை ‘ஆர்டிமஸ் பைல் பேண்ட்’ என்று தன் சொந்தப் பெயரில்தான் வாசிக்கிறார். அந்த விமானத்தில் இருந்த அவரே அப்படிச் செய்யும்போது, ஜானியும் மெட்லாக்கும் பெயரை மாற்றிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

ஆற்றங்கரையான்:
ஜானிக்கு அது அண்ணன் வைத்துவிட்டுப் போன பெயர். மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.