மார்க்டவுன்ல இருந்து வேர்டுக்கு மாத்தினா போல்ட் ஒட்டாம போகுது, எப்படி டெஸ்ட் பண்றது?

கேள்வி: மார்க்டவுன் (நட்சத்திரம் மாதிரி குறி போட்டு போல்ட், சாய்வு எல்லாம் காட்டுற சாதா டெக்ஸ்ட்) ஃபைலை டாக்எக்ஸா, அதாவது வேர்டு ஃபைலா மாத்துற கன்வர்ட்டர் ஒண்ணை சோதிச்சுட்டு இருக்கேன். இங்கிலீஷ்ல எல்லாம் சரியா வருது, ஆனா தமிழ்ல **'நூல்'**ஐ அப்படின்னு எழுதினா போல்ட் ஆகாம நட்சத்திரக் குறி அப்படியே வந்து நிக்குது. ரொம்ப நேரமா மண்டைய உடைச்சுக்கிறேன், யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1: இது காமன்மார்க் (மார்க்டவுனை எப்படிப் படிக்கணும்னு சொல்ற பொது விதித்தொகுப்பு) விதி நண்பா. மூடுற ** க்கு முன்னாடி மேற்கோள் மாதிரி நிறுத்தக்குறியும் பின்னாடி ஒட்டி எழுத்தும் இருந்தா அதை மூடுற குறியா எடுத்துக்காது. நாம வேற்றுமை உருபை ஒட்டித்தானே எழுதுறோம், அதான் மாட்டிக்குது. '**நூல்**'ஐ ன்னு மேற்கோளை வெளிய வச்சுப் பாருங்க.

பதில் 2: அடிக்கோட்டையும் டெஸ்ட்ல சேருங்க. கோப்பு_பெயர்_புதுசு ன்னு எழுதினா நடுவுல சாய்வெழுத்து வரக்கூடாது, 2004ல வந்த முதல் மார்க்டவுன்ல அது சாய்ஞ்சிடும், காமன்மார்க்ல சாயாது. அப்புறம் போல்டுக்குள்ள சாய்வு, \* போட்டு தப்பிக்க வச்ச நட்சத்திரம், லிங்குக்குள்ள போல்ட், இதெல்லாம் கண்டிப்பா வேணும்.

பதில் 3: கண்ணால மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க ப்ரோ, டாக்எக்ஸ்ங்கிறது ஒரு ஜிப் ஃபைல்தான், பிரிச்சு உள்ள இருக்குற எக்ஸ்எம்எல்ல போல்ட், சாய்வு டேக் இருக்கான்னு பாருங்க, ஏன்னா நிறைய தமிழ் ஃபான்ட்ல தனி சாய்வெழுத்தே கிடையாது. உங்க கன்வர்ட்டர் பான்டாக்னா, அதோட நேட்டிவ் அவுட்புட் (அது படிச்ச அமைப்பை அப்படியே காட்டுறது) எடுத்தாலே உள்ள எப்படிப் புரிஞ்சுக்கிச்சுன்னு தெரிஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்: மேற்கோளை வெளிய எடுத்ததும் போல்ட் வந்துடுச்சு, ரொம்ப நன்றி! எக்ஸ்எம்எல்லையும் பிரிச்சுப் பாத்துடுறேன்.