ஜப்பானிய மொழி: குராய், கோரோ, ஓகினி – எதை எங்கே போடுவது?

கேள்வி
என்4 (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஒரு நிலை) தேர்வுக்குப் படிக்கிறேன். 'சுமார் மூன்று மணிக்கு', 'சுமார் மூன்று மணி நேரம்' இரண்டுக்கும் நமக்கு 'சுமார்' போதும். ஜப்பானியத்தில் குராய், கோரோ, யாகு என்று மூன்று இருக்கின்றன. எதை எங்கே போடுவது? 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்பதற்கு ஓகினியா, கோதோனியா?

பதில் 1
கோரோ கடிகாரத்திலோ நாட்காட்டியிலோ உள்ள ஒரு புள்ளிக்கு மட்டும்: சன்ஜி கோரோ, மூன்று மணி வாக்கில். குராய் அளவுக்கு: சன்ஜிகான் குராய், மூன்று மணி நேரம் போல. 'சன்ஜிகான் கோரோ' தவறு. பேச்சில் 'சன்ஜி குராய்' என்றும் சொல்வார்கள், அது குற்றமில்லை. தேர்வில் மட்டும் கோரோவையே எழுதுங்கள்.

யாகு எண்ணுக்கு முன்னால் வரும், எழுத்து நடை. 'யாகு சன்ஜிகான்' சரி, மணி சொல்ல 'யாகு சன்ஜி' ஒட்டாது. முன்னால் யாகு, பின்னால் குராய் என்று இரண்டையும் சேர்ப்பது கூறியது கூறல்.

ஹொதோவையும் (இதுவும் 'சுமார்'தான்) கற்றுக்கொள்ளுங்கள். கடையில் 'மித்சு ஹொதோ குதாசாய்' (மூன்று போலக் கொடுங்கள்) என்றால் சரியாக மூன்றுதான் தருவார்கள். அங்கே அது தோராயம் இல்லை, பணிவு.

பதில் 2
ஓகினி, கோதோனிதான் ஆளைக் கவிழ்ப்பது. ஓகினி என்றால் 'இடையே அவ்வளவு விட்டு'. இச்சினிச்சி ஓகினி: திங்கள், புதன், வெள்ளி. ஃபுட்சுகா ஓகினி என்றால் நடுவில் இரண்டு நாள் போய்விடும்: திங்கள், வியாழன். கோதோனி என்றால் 'அவ்வளவுக்கு ஒருமுறை'. ஃபுட்சுகா கோதோனி (இரண்டு நாளுக்கு ஒருமுறை) சொன்னால் மறுபடி திங்கள், புதன். மாத்திரைக்கு இதை மாற்றிப் படித்தால் ஒரு வேளை கூடும் அல்லது குறையும்.

மணி, நிமிடம் வந்தால் வேறுபாடு மறைந்துவிடும். ஜுப்புன் ஓகினி, ஜுப்புன் கோதோனி இரண்டுமே பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்துதான். வருடக் கணக்கில் ஜப்பானியர்களே தடுமாறுவார்கள்: ஒலிம்பிக் 'யோனென் கோதோ' (நாலு வருடத்துக்கு ஒருமுறை), கறாராகப் பார்த்தால் 'சன்னென் ஓகி' (இடையே மூன்று வருடம் விட்டு). எழுதும்போது கோதோனி போட்டால் சிக்கல் இல்லை.

பதில் 3
எண்களைப் பற்றிச் சில. நாம் 'நாலைந்து' என்பதுபோல அவர்களும் அடுத்தடுத்த எண்களைச் சேர்ப்பார்கள்: நிசன் நின் (இரண்டு மூன்று பேர்), ஷிகோ நின் (நாலைந்து பேர்). இங்கே நாலு 'யோன்' ஆகாது, 'ஷி'தான். ஆனால் ஒன்பதையும் பத்தையும் இப்படிச் சேர்க்க வழியில்லை. 'க்யூஜூ' என்றால் தொண்ணூறு என்றுதான் காதில் விழும்.

'ஸூ' (சில) இடம் மாறினால் கணக்கே மாறும்: ஜூஸூனின் பத்துக்கு மேல் சில பேர், ஸூஜூனின் பல பத்துப் பேர்.

எத்தனை முறை என்பதற்கு: காலம், 'நி', எண் என்ற வரிசை. ஷூ நி நிகாய் குராய், வாரம் இரண்டு முறை போல. 'தாமானி' (எப்போதாவது) உடன்பாட்டு வினையோடு வரும். 'மெத்தானி' (அரிதாக) எதிர்மறை கேட்கும்: மெத்தானி இகானாய், அரிதாகத்தான் போவேன். 'அமாரி' (அவ்வளவாக) சொல்லுக்கும் எதிர்மறைதான்: 'அமாரி தாபெமாசு' என்று எழுதி மதிப்பெண் விடாதீர்கள், தாபெமாசென் (சாப்பிடமாட்டேன்) வேண்டும். 'ஹொதோந்தோ' இரண்டோடும் வரும்: ஹொதோந்தோ மாய்னிச்சி, கிட்டத்தட்ட தினமும், ஹொதோந்தோ இகானாய், போவதே இல்லை எனலாம்.

கேள்வி கேட்டவர்
நன்றி. அப்படியானால் திங்கள், புதன், வெள்ளி வகுப்பை 'இச்சினிச்சி ஓகினி' என்று சொல்லலாமா?

பதில் 2
சொல்லாதீர்கள். கணக்கு வெள்ளியோடு நிற்காது. அடுத்தது ஞாயிறு, செவ்வாய் என்று ஓடும். கிழமை மாறாத வகுப்புக்கு 'கெஸ்ஸுய்கின்' என்று மூன்று கிழமைகளையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். செவ்வாய், வியாழன் என்றால் 'காமொகு'.