பெரியப்பா வரைந்த மதகு எந்த ஊர்?

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து நண்பர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். காலமான என் பெரியப்பாவின் ஸ்கெட்ச் நோட்டில் இருக்கும் பென்சில் படம் இது. மூலையில் "குடமுருட்டி, தை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

ஆற்றுத் தண்ணீரை அவர் வரையவே இல்லை. இரண்டு கரைக்கும் நிழல் கொடுத்துவிட்டு நடுவில் தாளை வெள்ளையாகவே விட்டிருக்கிறார். பார்த்தால் வெயில் பட்ட தண்ணீரேதான்! மதகின் ஷட்டரை ஏற்றும் திருகுக் கம்பியை மட்டும் அழுத்தி அழுத்தி வரைந்ததில் தாளின் பின்பக்கம் புடைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

குடமுருட்டி திருக்காட்டுப்பள்ளி அருகே காவிரியிலிருந்து பிரிகிறது. அதற்குக் கீழே மூன்று கண் மதகு, வலது கரையில் தென்னை வரிசை, தூரத்தில் குட்டையான கோபுரம். தென்னை இப்போது இல்லாமல் இருக்கலாம், கோபுரத்தை வைத்துப் பாருங்கள்.

அப்புறம், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பென்சில் கோடு வெயிலில் வெளுக்காது, ஆனால் உரசினால் கலையும். எதிர்ப்பக்கத்தில் ஏற்கனவே சாம்பலாக ஒட்டியிருக்கிறது. இப்போதைக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்திருக்கிறேன். இவ்வளவு பழைய தாளில் ஃபிக்ஸேட்டிவ் (கோடு கலையாமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடிக்கலாமா? அடித்துப் பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.