பொருள் தெரிந்தும் ஆங்கிலச் சொல் தவறிப் போகிறது

கேள்வி: சேலைக் கடைக்காரர் மகள், காரைக்குடி

வணக்கம். நாங்கள் கண்டாங்கிச் சேலைக் கடை நடத்துகிறோம். தமிழ்வழியில் படித்த நான், ஆறு மாதமாக நாளுக்கு இருபது ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளுடன் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து வருகிறேன். சென்ற வாரம், வெளிநாட்டிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் சேலை ஒன்றை விரித்துக் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விலை அதிகமில்லை என்று சொல்ல எண்ணி 'சீப்' என்றேன். உடனே அவர் கையை எடுத்துவிட்டார். நோட்டில் அச்சொல்லுக்கு 'மலிவான' என்றுதான் இருக்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், தேவகோட்டை

நோட்டில் இருப்பது பிழையில்லை அம்மா, ஆனால் பாதிதான் இருக்கிறது. நாம் 'மலிவான விளம்பரம்' என்று சொல்லும்போது தொனிக்கும் இழிவு, பொருளைப் பற்றிப் பேசுகையில் 'சீப்' என்ற சொல்லிலும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். 'ரீசனபிள்' என்றிருந்தால், விலை நியாயமானது என்பது மட்டும் அவரைச் சென்றடைந்திருக்கும். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுவதைவிட, எந்தச் சொல்லோடு எது சேரும் என்று எழுதுங்கள். தமிழில் மழையும் பலத்ததுதான், காற்றும் பலத்ததுதான். ஆங்கிலத்திலோ மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. இதை அகராதியின் ஒற்றைவரிப் பொருள் சொல்லித் தராது.

பதில்: கணக்கர், பள்ளத்தூர்

ஐயா சொன்னதோடு, சொற்களைக் குடும்பமாகப் படிப்பதும் எனக்கு மிகவும் உதவியது. 'கிரெடிட்' என்பதன் லத்தீன் வேருக்கு 'நம்புதல்' என்று பொருள். நம்பத்தக்கது 'கிரெடிபிள்', நம்ப முடியாதது 'இன்கிரெடிபிள்' என்று ஒரு வேரிலிருந்து மூன்று சொற்கள் கிடைக்கின்றன. காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நமக்கு, கடனுக்குள் நம்பிக்கை இருப்பது புதிதல்லவே! நம் வீட்டுத் தூண்களாக நிற்கும் பர்மாத் தேக்கின் ஆங்கிலப் பெயரான 'டீக்' கூட, மலையாளத் 'தேக்கு' போர்ச்சுகீசியர் வழியாகப் போய்ச் சேர்ந்ததுதான்.

பதில்: கல்லூரி மாணவர், காரைக்குடி

அக்கா, நாளுக்கு இருபது சொற்கள் மிக அதிகம். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தம்மைத்தாமே சோதித்து 1885இல் வெளியிட்டார். ஐந்து சொற்களை எடுத்துக்கொண்டு, மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டு, பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. 'சீப்' இருந்த பக்கத்தை எடுத்து, அந்தச் சேலையை வைத்தே 'ரீசனபிள்' வரும் வாக்கியம் ஒன்றை எழுதிவிட்டேன். நாளை அதை மறைத்துவைத்துச் சொல்லிப் பார்ப்பேன்.